பட்டினத்து அடுக்குப் பயிர்ச்செய்கை

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரருக்கென வெளியிடப்படும் இத்துண்டுப்பிரசுர வரிசையில், மாடிவீட்டுச் சுவரிற் கீரை வளர்ப்பதைப் பற்றி எழுதுவதேன் எனச் சிலர் வினவலாம். பட்டினங்களில் தட்டுமேல் தட்டாகப் பயிரிட்டு, அங்குள்ளோருக்கு வேண்டிய உணவு முழுவதையும் அங்கேயே விளைவித்துக்கொள்ளலாம் என்னும் பேச்சு இன்று பரவலாகக் கேட்கப்படுகின்றது. அது மெய்யாயின் கமக்காரனுடைய சந்தை என்னவாகும்? மெய்யன்றாயின், அதனை நம்பிக் கடன்பட்டுக் கட்டடமும் விளக்கும் வாங்கும் வாலிபர் நிலை என்னவாகும்? இவற்றுக்கு விடை காணுமுன், அம்முறை இன்னதென்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

ஒரே நிலப்பரப்பின்மேற் பல தட்டுக்களை அமைத்து, ஒவ்வொரு தட்டிலும் பயிர் வளர்ப்பதே நிலைக்குத்துப் பயிர்ச்செய்கை அல்லது அடுக்குப் பயிர்ச்செய்கை எனப்படும். இப்பெயரை ஆங்கிலத்தில் 1915ஆம் ஆண்டிலேயே ஒரு நூலுக்கு இட்டவர் கில்பேட் எல்லிஸ் பெய்லி என்னும் அமெரிக்கர். அவர் கருதியது மேல்நோக்கிய அடுக்கையன்று. அடிமண்ணை வெடிமருந்தினால் தளர்த்தி, வேர்களை ஆழச் செல்லவிடுவதையே அவர் அவ்வாறு அழைத்தார். அந்நூலை வெளியிட்டதும் ஒரு வெடிமருந்துக் கம்பனியே. இன்று வழங்கும் கருத்து, நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த டிக்சன் டெஸ்பொமியர் 1999ஆம் ஆண்டிலே தம் மாணவரோடு ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் நூலாக எழுதியதனால் உலகெங்கும் பரவியது.

இம்முறையிற் பெரும்பாலும் மண் பயன்படுத்தப்படுவதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து வில்லியம் கெரிக் என்பார் 1930ஆம் ஆண்டுகளில், ஊட்டச்சத்துக்கள் கரைந்த நீரில் தக்காளியை வளர்த்துக் காட்டினார். அதே விதமாகவே இங்கும் வேர்கள் கரைசலில் அல்லது தென்னந் தும்புத்தூள் போன்ற ஊடகத்தில் வளர்கின்றன. வழிந்த நீர் மீண்டும் சேர்க்கப்பட்டுப் பயன்படுத்தப்படுவதால், வெளிநிலத்துக்கு வேண்டிய நீரிற் பத்திலொரு பங்கே சலாது போன்ற பயிர்களுக்குப் போதுமாகின்றது. மழை, வரட்சி, களை ஆகியவற்றின் தொல்லை இல்லை, பீடைகளும் குறைவு. சந்தை வாசலிலேயே விளைவதனாற் போக்குவரத்திற் பழுதாவதும் இல்லை. இந்நன்மைகள் யாவும் உண்மையானவை. மறைந்து நிற்பது ஒளியின் விலை மாத்திரமே.

ஒளியின் விலை

வயலில் விழும் வெயிலுக்கு எவரும் பணம் செலுத்துவதில்லை; ஆதலால் அதன் அளவை எவரும் எண்ணிப் பார்ப்பதுமில்லை. இலங்கையின் உலர்வலயத்தில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு நாளில் விழும் சூரிய சக்தியானது, மின்சாரக் கணக்கிற் கூறினால் சுமார் 5 அலகுக்குச் சமமாகும். மூன்றரை மாத நெல்லினம் 105 நாட்கள் வயலில் நிற்குமெனக் கொண்டால், அக்காலத்தில் அச்சதுர மீற்றருக்குக் கிடைப்பது 525 அலகு. ஒரு ஹெக்டயருக்கு நாலரைத் தொன் என்னும் சாதாரண விளைச்சலின்படி, அதே சதுர மீற்றரில் விளைவது அரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த நெல்லே.

இனி, இதே பயிரைக் கட்டடத்தினுள் விளக்கொளியில் வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். பயிருக்குப் பயன்படும் நிறங்களை மாத்திரம் தரும் சிறந்த விளக்குக்களைப் பொருத்தி, சூரியன் தந்த சக்தியில் ஐந்திலொரு பங்கு மின்சாரமே போதுமெனத் தாராளமாகக் கணக்கிட்டாலும், ஒரு கிலோகிராம் நெல்லுக்கு 200 அலகுக்கு மேற் செலவாகும். சிறு குடும்பமொன்று ஒரு மாதத்திற் பாவிக்கும் மின்சாரம் 60 முதல் 90 அலகு வரையிலாகும். ஆகவே அக்குடும்பம் இரண்டு மாதங்களுக்கு விளக்கேற்றி, சமைத்து, வானொலி கேட்கும் மின்சாரம் முழுவதும் ஒரு கிலோகிராம் நெல்லோடு தீர்ந்துவிடும். அதனைக் குற்றினாற் கிடைக்கும் அரிசி முக்காற் கிலோகிராமும் வராது.

கோதுமையைப் பற்றி விஞ்ஞானிகள் கண்ட முடிபும் இதுவே. 2020ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, ஒரு ஹெக்டயர் நிலத்திற் பத்துத் தட்டுக்களில் ஆண்டு முழுவதும் கோதுமை விளைவித்தால் 700 தொன் முதல் 1,940 தொன் வரை பெறலாமெனக் கணக்கிட்டது. உலகச் சராசரி விளைச்சலாகிய 3.2 தொன்னோடு ஒப்பிட்டால் இது வியப்புக்குரியதே. ஆயினும் விளக்குக்கும் குளிரூட்டலுக்கும் ஆகும் சக்திச் செலவினால், இவ்விளைச்சல் இன்றைய சந்தை விலையோடு போட்டியிட இயலாதென்றும் அவ்வாய்வாளரே எழுதினர். முதற் பாதியை மாத்திரம் படித்துவிட்டு மேடையேறுவோர் பலர்.

அவ்வாறாயின், விளக்குப் பண்ணைகள் சலாதையும் கீரையையும் மாத்திரம் எவ்வாறு விளைவித்து விற்கின்றன? சலாது இலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர். வேர் நீங்கலாக எஞ்சியது முழுவதும் உண்ணப்படுகின்றது. ஐந்தாறு வாரங்களில் அறுவடைக்கும் வந்துவிடுகின்றது. ஆகவே ஒரு கிலோகிராம் சலாதுக்குப் பத்து அலகு அளவில் மின்சாரம் செலவிட்டாற் போதுமென நல்ல முறையில் நடத்தப்படும் பண்ணைகள் கணக்கிடுகின்றன. நெல்லிலோ ஏறத்தாழப் பாதி வைக்கோலாகிப் போகின்றது. மீதியும் நன்கு உலர்ந்த மணி. சலாதை விற்பவன் பெரும்பாலும் நீரை விற்கிறான். நெல்லை விற்பவன் உலர்ந்த வெயிலை விற்கிறான்.

இலையை மாத்திரம் விளைவித்த பண்ணைகளுக்கும் பல இடங்களில் நட்டமே ஏற்பட்டது. அமெரிக்காவின் ஏரோபாம்ஸ் என்னும் கம்பனி 2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பவுரி என்னும் கம்பனி 2024 நவம்பரில் மூடப்பட்டது. பிளென்ரி என்னும் கம்பனியும் 2025 மார்ச்சில் வங்குரோத்து வழக்குத் தாக்கல் செய்தது. முதலீடாகப் பெருந்தொகை பெற்றிருந்த கம்பனிகள் இவை, அறிவுக்குறைவால் வீழ்ந்தவையல்ல. கடன் வட்டி, கட்டடச் செலவு, மின்கட்டணம் ஆகிய மூன்றையும் சலாது இலையின் விலையாற் சுமக்க இயலவில்லை.

சிங்கப்பூரின் அனுபவம்

எமது காலநிலைக்கு அண்மையான காலநிலையுடையது சிங்கப்பூர். உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் அந்நாடு, 2030ஆம் ஆண்டளவில் தன் போசாக்குத் தேவையில் 30 வீதத்தைத் தானே உற்பத்தி செய்வதென 2019ஆம் ஆண்டில் இலக்கு வகுத்தது. பணமும் தொழில்நுட்பமும் குறைவின்றியுள்ள அந்நாடே 2025 நவம்பரில் அவ்விலக்கைக் கைவிட்டு, 2035ஆம் ஆண்டுக்கெனப் புதிய இலக்குக்களை அறிவித்தது. மரக்கறி, முளைவிட்ட பயறு, காளான் ஆகியவற்றில் 20 வீதமும், முட்டை, கடலுணவு ஆகியவற்றில் 30 வீதமும் உள்நாட்டிற் பெறுவதே இப்போதைய நோக்கம். தானியம் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

எனினும் சிங்கப்பூரிற் செய்யப்பட்ட ஒரு முயற்சி எமக்குப் பாடமாகக்கூடியது. 2012ஆம் ஆண்டில் லிம் சூ காங் என்னுமிடத்தில் தொடங்கப்பட்ட ஸ்கை கிறீன்ஸ் பண்ணை, விளக்கை நம்பவில்லை. 9 மீற்றர் உயரமுள்ள, ஏணியை விரித்து நிறுத்தியது போன்ற சட்டங்களில் கீரைத் தட்டுக்களைப் பொருத்தி, அவை மெதுவாகச் சுற்றி வருமாறு செய்தது. மேலே வரும் தட்டு வெயிலைப் பெறும். கீழே செல்லும் தட்டு நீரைப் பெறும். சட்டத்தைச் சுழற்றுவதற்கு நீரின் விசை உதவியதால், ஒரு சிறு மின்குமிழுக்கு வேண்டிய மின்சாரமே ஒரு கோபுரத்துக்குப் போதுமாயிருந்தது. வெயிலை விலைகொடுத்து வாங்காமற் பயிரை வெயிலிடம் கொண்டு சென்றதே இதன் சிறப்பு.

எமது முன்னோருக்கும் இது புதிதன்று. கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டமொன்றில் தென்னையும் பலாவும் உயரே நிற்க, அவற்றின் கீழ் கிளிரிசீடியாவிற் படர்ந்த மிளகுக்கொடியும், கோப்பியும், அடியிற் கிழங்கும் இஞ்சியும் வளர்வதைக் காணலாம். பாகலுக்கும் புடோலுக்கும் பயிற்றைக்கும் பந்தல் போடும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் நிலத்தை மிச்சப்படுத்தி வெயிலைத் தேடுபவரே.

எமது பட்டினங்களின் நிலை

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். முதலாண்டு மே மாதத்தில் விதிக்கப்பட்ட இரசாயனப் பசளை இறக்குமதித் தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோதிலும், அடுத்த பருவங்களின் விளைச்சல் குன்றியது. அந்நியச் செலாவணி தீர்ந்து டீசல் கிடைக்காமையால், தம்புள்ளையிலும் நுவரெலியாவிலும் அறுவடை செய்த மரக்கறியைக் கொழும்புக்குக் கொண்டுவர லொறிகள் ஓடவில்லை. விளைவித்தவன் வீதியோரத்தில் மரக்கறி அழுகக் கண்டான். பட்டினத்துத் தாய் வெறும் பையோடு திரும்பினாள். அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவு விலையேற்றம் 94.9 வீதத்தை எட்டியது. வீட்டுத்தோட்டம் செய்யவென்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் வழங்கப்பட்டது. பின்னர் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது, மலைநாட்டு வீதிகள் மண்சரிவால் அறுபட்டு மரக்கறி வரவு மீண்டும் தடைப்பட்டது.

ஆகவே பட்டினவாசி தன் உணவில் ஏதேனும் ஒரு பங்கைத் தானே விளைவித்தல் அவசியமென்பதில் ஐயமில்லை. எப்பங்கை என்பதே வினா. நால்வருள்ள குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு வேண்டிய அரிசி ஏறத்தாழ 430 கிலோகிராம். நெல்லாகக் கூறின் 650 கிலோகிராமுக்கு மேல். மேற்கூறிய விளைச்சலின்படி, இரு போகமும் விதைத்தாலும் இதற்கு ஏறத்தாழ 29 பேர்ச் நிலம் வேண்டும். கொழும்பிலே ஆறு பேர்ச் காணி கிடைப்பதே அரிது. அதிலும் பெரும்பகுதி வீடு. ஆனால் அதே குடும்பத்துக்கு வேண்டிய பச்சை இலைக்கு, வெயில் படும் மதிலோரமும் ஏழெட்டுச் சாக்குக்களும் பெரிதும் உதவும். இலைக்கறியே முதலில் வாடுவது. தூரத்திலிருந்து வருகையில் அதிகம் பழுதாவதும் அதுவே. கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் வளரும் கங்குனிலும் பிற இலைக்கறிகளிலும் ஈயம், கட்மியம் முதலிய பார உலோகங்கள் காணப்பட்டமையை ஆய்வுகள் காட்டியிருத்தலால், நல்ல மண்ணில் வீட்டிலேயே வளர்த்த இலை உடலுக்கும் உகந்தது.

வெயிலுக்கேற்ற அடுக்கு

ஐரோப்பியப் படங்களைப் பார்த்து அலுமாரி போன்ற தட்டுக்களை நேர்மேலே அடுக்குவோர் ஏமாற்றமடைவர். அந்நாடுகளிற் சூரியன் சாய்வாக வருவதால் அலுமாரியின் உள்ளேயும் ஒளி நுழையும். இலங்கையிலோ நண்பகற் சூரியன் ஆண்டின் பெரும்பகுதியில் ஏறத்தாழத் தலைக்கு நேரே நிற்கும். மேற்றட்டு வெயிலை விழுங்கிவிட, கீழ்த்தட்டுக்கள் இருளில் நின்று மெலிந்து நீளும். எனவே தட்டுக்களைப் படிக்கட்டுப் போல ஒன்றுக்கொன்று பின்தள்ளி அமைத்தல் வேண்டும். இருபுறமும் சாய்ந்த சட்டமாயின், அதன் முகடு வடக்குத் தெற்காக இருத்தல் நன்று. அப்போது ஒரு பக்கம் காலை வெயிலையும் மறுபக்கம் மாலை வெயிலையும் பெறும். தினமும் ஆறு மணி நேரம் வெயில் படுமிடம் மிளகாய்க்கும் தக்காளிக்கும் கத்தரிக்கும் உரியது. மூன்று நான்கு மணி நேரமே படுமிடத்திற் பொன்னாங்காணி, கங்குன், பசளி ஆகியன வளரும். கீழ்ப்படியின் மென்னிழலை வல்லாரை பொறுத்துக்கொள்ளும்.

சட்டமடிக்க வசதியில்லாதோர் சாக்கு முறையைக் கைக்கொள்ளலாம். கென்யாவின் நைரோபி நகரிலுள்ள கிபேரா என்னும் சேரியில், 2008ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இம்முறை பரப்பப்பட்டு, காணியே இல்லாத குடும்பங்களுக்கு இலைக்கறி அளித்தது. செய்முறை எளிது. அடியும் மேலும் நீக்கிய தகர டின் ஒன்றைச் சாக்கின் நடுவே நிறுத்தி, அதனுட் சிறு கற்களை நிரப்புதல் வேண்டும். டின்னைச் சுற்றிலும் மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் ஆகியவற்றைச் சமபங்காகக் கலந்து இட்டபின், டின்னை மேலே இழுத்து மீண்டும் கல்லும் மண்ணும் இடல் வேண்டும். இவ்வாறு சாக்கு நிறையும்போது, நடுவில் ஒரு கற்றூண் நிற்கும். அதன்மேல் ஊற்றும் நீர் சாக்கின் அடிவரை சமமாகப் பரவும். கற்றூண் இல்லாத சாக்கில் மேற்புறம் சேறாகவும் அடிப்புறம் புழுதியாகவும் இருக்கும். பலரது சாக்குத் தோட்டம் பட்டுப்போவதற்குக் காரணம் இதுவே. பின் சாக்கின் பக்கங்களில் ஆறங்குல இடைவெளியிற் சிறு துவாரங்கள் வெட்டி, இலைக்கறி நாற்றுக்களைச் செருகலாம். மேல்வாயில் இரண்டு மிளகாய்க் கன்றுகளை நடலாம்.

தும்புத்தூள் எமது நாட்டிலிருந்து பிறநாட்டுப் பயிர்க்கூடங்களுக்கு ஏற்றுமதியாகும் சிறந்த ஊடகமாகும். ஆயினும் அதில் உப்பு இருக்குமாதலால், நன்னீரில் மூன்று முறை அலசிய பின்னரே பாவித்தல் வேண்டும். மொட்டைமாடியில் வைப்போர், நனைந்த சாக்கொன்று 80 கிலோகிராம் வரை கனக்குமென்பதை நினைவிற் கொண்டு, சுவர்களுக்கு நேர்மேலான ஓரங்களிலேயே அவற்றை வைப்பது உசிதம். கரைசல் முறையிற் பயிரிடுவோர் அல்பேட் கலவையைப் பொதியிற் குறித்த அளவிற் கரைத்து, கரைசலின் அமிலகார எண்ணை 5.5 முதல் 6.5 வரை வைத்திருத்தல் வேண்டும்.

ஓர் அபாயத்தை வற்புறுத்திக் கூறவேண்டும். தட்டுக்களின் கீழுள்ள ஏந்திகளிலும் வெற்றுக் குழாய்களிலும் தேங்கும் தெளிந்த நீர், டெங்கு நுளம்புக்கு மிகவும் விருப்பமான இடம். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாற் பீடிக்கப்பட்டனர். முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஏழெட்டு நாட்களே போதுமாதலால், வாரத்தில் ஒருநாளைக் குறித்துவைத்து ஏந்திகள் யாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கரைசற் பாத்திரங்களை நுளம்பு நுழையாதவாறு மூடிவைத்தலும் வேண்டும். இதனைச் செய்ய இயலாதவர் அடுக்குத் தோட்டம் செய்யாதிருப்பதே அயலாருக்கு நன்மை.

கமக்காரருக்கு இதில் உள்ள பயன்

பட்டினத்து அடுக்குக்கள் போஞ்சியையோ கரட்டையோ கிழங்கையோ பூசணியையோ வெங்காயத்தையோ விளைவித்துக் கமக்காரரின் விலையைக் குறைக்கப்போவதில்லை. நெல்லைப் பற்றிப் பேசவே வேண்டாம். பட்டினத்துக்கு அண்மையிற் கங்குனும் பொன்னாங்காணியும் மாத்திரம் பயிரிடுவோருக்கே ஓரளவு போட்டி ஏற்படலாம். அவர்கள் தம் பாத்திகளில் ஒரு பகுதியையேனும் பயிற்றைக்கும் வெண்டிக்கும் மாற்றிக்கொள்வது நன்று.

நெற்செய்கையிலும் ஒளி வேண்டாத பருவம் ஒன்றுண்டு. அது முளைக்கும் பருவம். மணியினுள் இருக்கும் மாப்பொருளே அப்போது முளைக்கு உணவாதலால், யப்பானிய விவசாயிகள் நெல் விதைத்த நாற்றுப் பெட்டிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, சுமார் 30 பாகை வெப்பமுள்ள அறையில் இரண்டு மூன்று நாட்கள் வைக்கின்றனர். முளை ஒரு சென்ரிமீற்றர் அளவில் எழுந்தவுடன் பெட்டிகளை வெளிச்சத்திற் பரப்பிவிடுகின்றனர். தாமதித்தால் நாற்று வெளிறி நலிந்துவிடும். எமது வெப்பத்தில் இதற்குத் தனியறை தேவையில்லை. ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைத்தாற் போதும். தட்டு நாற்று அல்லது டபொக் நாற்று வளர்ப்போர், முற்றத்திற் சிறு இடமே உள்ளவிடத்தும் இவ்விதமாக முதல் இரு நாட்களை அடுக்கிற் கழிக்கலாம். பறவைகளினதும் எலிகளினதும் சேதமும் இதனாற் குறையும்.

மரக்கறிக் கமக்காரருக்கு இதனிலும் மேலான வாய்ப்பு ஒன்றுண்டு. சாக்கும் சட்டமும் வைத்திருக்கும் பட்டினவாசிக்கு வேண்டியவை நல்ல நாற்று, நல்ல கூட்டெரு, நம்பத்தக்க விதை ஆகியனவே. இவை மூன்றும் கமக்காரனிடம் உள்ளன. குழித்தட்டுக்களிற் தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்து நிரப்பி, கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்களைப் படிச்சட்டத்தில் வளர்த்தால், இருநூறு சதுர அடி நிழல்வலைக்குள் ஆயிரக்கணக்கான நாற்றுக்களைப் பெறலாம். அவற்றை நிழலிலிருந்து நேரே விற்பனைக்கு அனுப்பலாகாது. கடைசி ஏழு நாட்களில் நீரைச் சிறிது குறைத்து, நாளுக்கு நாள் வெயிலைக் கூட்டி வன்மைப்படுத்துதல் அவசியம். அனுப்பும் நாளுக்கு முதல் மாலையில் நன்கு நீரூற்றி, தட்டோடு நிமிர்த்தி ஏற்றி, காலை வெயில் ஏறுமுன் சந்தையில் இறக்கிவிடல் வேண்டும்.